சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும்: பைதன் மொழியின் நிபந்தனைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

நூலுக்குரிய அழகுகள் பத்தினை வகுத்துரைக்கும் நன்னூலாசிரியர் அவற்றுள் முதற்கண் வைத்தவை இரண்டு. ஒன்று சுருங்கச் சொல்லல். மற்றொன்று விளங்க வைத்தல். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பினும் எளிதில் ஒன்றோடொன்று இணங்குவன அல்ல. சுருக்கம் அளவிறந்தால் விளக்கம் குன்றும். விளக்கம் அளவிறந்தால் சுருக்கம் கெடும். சூத்திரம் செய்தார் முன்னதை நாடினர். உரை செய்தார் பின்னதை நாடினர். எமது இலக்கண வரலாற்றின் பெரும்பகுதி இவ்விரு சாராரிடையே நிகழ்ந்த உரையாடலே எனினும் பொருந்தும். இப்பழைய வழக்கு இன்று எவரும் எதிர்பாராத ஓர் அவையிலும் எழுந்துள்ளது. கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர், ஒரு நிபந்தனையை எவ்வாறு எழுதுதல் சிறந்தது என்பது பற்றிப் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதங்களை ஆராய்ந்து, அவற்றுள் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனத் துணிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்நிரலுக்கும் கல்லூரி மலருக்கும் யாது தொடர்பு என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுதல் தகும். இலங்கையில் க.பொ.த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே பைதன் என்னும் மொழி கற்பிக்கப்படுகின்றது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப்புறங்களிலும் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவரும் இதனைக் கற்கின்றனர். எழுத்துப் பரீட்சையில் இவர்கள் கையில் இருப்பவை தாளும் பேனாவுமே. அவர்கள் எழுதும் செய்நிரலை அங்கே இயக்கிப் பார்க்கும் பொறி இல்லை. வாசித்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவரே உளர். ஆதலின், பொறிக்கு விளங்கினாற் போதும் என்னும் வாதம் எம்மிடம் செல்லாது. தமிழை ஒரு பாடமாகக் கொண்டு வெளிவாரிப் பட்டம் பெற்று, பின்னர்ப் பாடசாலையின் தேவை நோக்கி இப்பாடத்தையும் கற்பிக்க நேர்ந்த யான், இலக்கணம் பயின்ற கண்கொண்டே இவ்வழக்கை நோக்குகின்றேன்.

பைதன் மொழியை ஆக்கியவர் ஒல்லாந்து நாட்டவராகிய கைடோ வான் ரொசம். 1989ஆம் ஆண்டு இறுதியில் அவர் தொடங்கிய பணியின் முதல் வெளியீடு 1991இல் வந்தது. இம்மொழியில் நிபந்தனை கூறுதற்குரிய சொற்கள் மூன்று: 'இஃப்', 'எலிஃப்', 'எல்ஸ்'. 'இஃது உண்மையாயின் இதனைச் செய்க' என்பது முதலாவது. 'அன்றாயின், இஃது உண்மையாயின்' என்பது இரண்டாவது. 'இவை யாவும் அன்றாயின்' என்பது மூன்றாவது. 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை அறிந்த தமிழ் மாணவனுக்கு இக்கருத்துப் புதியதன்று. எனினும், இம்மூன்று சொற்களை வைத்து எழுதும் முறைகள் பலவாதலின் கருத்து வேறுபாடுகளும் பலவாயின. அவற்றுள் நான்கினை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, கூறியதனை மீண்டும் கூறலாமா என்பது. மாணவன் பெற்ற புள்ளிக்கு ஏற்பத் தரம் வழங்கும் ஒரு செய்நிரலை எண்ணுக. 75உம் அதற்கு மேலும் ஏ. 65 முதல் பி. 50 முதல் சி. 35 முதல் எஸ். எஞ்சியது டபிள்யூ என வைத்துக்கொள்வோம். ஒரு சாரார், '75க்குக் குறையாதாயின் ஏ. அன்றாயின், 65க்குக் குறையாதாயின் பி' என ஏணிப்படி போல மேலிருந்து கீழாக எழுதுவர். மற்றொரு சாரார் ஒவ்வொரு படியிலும் இரு எல்லைகளையும் கூறி, '65க்குக் குறையாததும் 75க்குக் குறைந்ததுமாயின் பி' என எழுதுவர். முன்னவர் பின்னவரை நோக்கி, '75க்குக் குறைந்தது என்பது எலிஃப் என்னும் சொல்லிலேயே அடங்கிற்றே. மீண்டும் கூறுதல் எற்றுக்கு?' என்பர். பின்னவர், 'அடங்கிக் கிடப்பதனைப் புலப்படக் கூறுதலே விளக்கம்' என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இரண்டாம் முறையில் எழுதிய விடைத்தாளிலே, 'கூறியது கூறல்' எனச் சிவப்பு மையால் எழுதி யான் இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். அடுத்த விடைத்தாள் என்னைத் திகைக்க வைத்தது. அதன் உரியவன் சுருங்கிய முறையையே கையாண்டிருந்தான். ஆனால் கீழிருந்து மேலாக, 35இலிருந்து தொடங்கியிருந்தான். அவனுடைய செய்நிரலில் 82 புள்ளி பெற்றவனும் முதற்படியிலேயே 'எஸ்' பெற்று வெளியேறுவான். சுருங்கிய ஏணிக்குப் படிகளின் ஒழுங்கே உயிர் என்பதும், மாணவி எழுதிய முறையில் படிகளை எவ்வாறு மாற்றி அடுக்கினும் விடை பிழையாது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. அவளுடைய மிகை, பயனற்ற மிகையன்று. புள்ளியைக் குறைத்தது என் பிழையே.

ஆயினும் அம்முறைக்கும் ஊறு உண்டு. ஒரே எல்லை ஈரிடத்தில் எழுதப்படுதலின், எல்லை மாறும்போது ஈரிடத்தும் மாற்றல் வேண்டும். ஓரிடத்தை மறந்தாற் பிழை புகும். மேலும், '50 முதல் 64 வரை சி, 65 முதல் 74 வரை பி' என எழுதுவான் ஒருவனது செய்நிரலில் 64.5 புள்ளி பெற்றவன் இரண்டிற்கும் நடுவே வீழ்ந்து டபிள்யூ பெறுவான். ஆதலின், ஒவ்வோர் எல்லையையும் ஒருமுறையே கூறும் ஏணியே கற்பித்தற்குச் சிறந்தது என்பது என் துணிபு. ஆனால், ஒவ்வோர் எலிஃபும் தனக்கு மேலுள்ள நிபந்தனைகள் யாவற்றையும் வாய்பேசாது மறுத்தே நிற்கின்றது என்னும் உண்மையை முன்னர்க் கற்பித்த பின்னரே அதனைக் கற்பித்தல் வேண்டும். எச்சொல் தொக்கு நிற்கின்றது என்பதை அறியாதவனுக்குத் தொகை விளங்குமா?

ஈண்டு வேகம் பற்றிய வாதமும் எழும். ஏணி முறையில் ஒரு புள்ளிக்கு மிகுதியாக நான்கு ஒப்பீடுகள் நிகழும். ஈரெல்லை முறையில் ஐந்து நிகழும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முன்னதற்கு 160உம் பின்னதற்கு 200உம் ஆக, இரண்டிற்கும் இடையே மிகுதியாக 40 ஒப்பீடுகளே வேறுபாடு. ஒரு நொடியில் எத்தனையோ இலட்சம் ஒப்பீடுகளைச் செய்யும் பொறிக்கு இஃது ஒரு பொருட்டன்று. எல்லைகளை வரிசையாக ஒரு பட்டியலில் இட்டு, நடுவிற் பிளந்து பிளந்து தேடும் 'பைசெக்ட்' என்னும் வழியும் பைதனில் உண்டு. எல்லைகள் நான்காயின் அதனால் வரும் ஊதியம் சிறிது. எல்லைகள் ஆயிரமாயின், ஏணியில் ஆயிரம் படிகள் வரை இறங்க வேண்டியவன் பத்தளவான ஒப்பீடுகளால் இடத்தைக் காண்பான். அங்கே வேகம் பொருளுடையதாகின்றது. டொனால்ட் நூத் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கருத்தும் இதற்கு அணித்தே: பெரும்பாலான இடங்களிற் சிறு வேகத்தைக் கருதி அல்லலுறுதல் வீண், முக்கியமான சில இடங்களில் அதனைப் புறக்கணித்தலும் தவறு. அவ்விடங்கள் எவை என்பதை ஊகத்தால் அன்றி அளந்தே அறிதல் வேண்டும். அளத்தற்குரிய கருவியும் பைதனோடு உடன் வருகின்றது. அன்றியும், வேகம் மொழியை ஆக்குவோர் கையிலும் உள்ளது. 2022இல் வெளிவந்த பைதன் 3.11, தனக்கு முந்திய பதிப்பினும் சராசரியாக 1.25 மடங்கு விரைவுடையது என அதன் ஆக்கியோர் தம் அளவீட்டுத் தொகுதியைக் கொண்டு அறிவித்தனர். எழுதியவன் ஓரெழுத்தும் மாற்றாமலே அவன் செய்நிரல் விரைவுற்றது. தெளிவையோ எழுதியவனன்றி வேறெவரும் பின்னர்க் கொடுத்தல் அரிது.

இரண்டாவது வேறுபாடு, நிபந்தனையை ஒரே வரியில் அடக்குதல் பற்றியது. பைதனில் நெடுங்காலம் இதற்கெனத் தனி வடிவம் இருக்கவில்லை. ஆகவே சிலர் 'அண்ட்', 'ஆர்' என்னும் இணைப்புச் சொற்களைக் கொண்டு ஒரு தந்திரம் செய்தனர். நிபந்தனை உண்மையாயின் முதற் பெறுமானமும், அன்றாயின் இரண்டாவதும் கிடைக்கும் என்பது அவர் கருத்து. ஆனால் முதற் பெறுமானம் பூச்சியமாகவோ வெறுஞ்சொல்லாகவோ இருப்பின், நிபந்தனை உண்மையாயினும் இரண்டாவதே கிடைத்தது. இப்பிழை பெருகியமை கண்டு, பைதன் மேம்பாட்டு முன்மொழிவு 308 என்பது 2003இல் எழுந்தது. பல வடிவங்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. ஒன்றும் தெளிவான பெரும்பான்மை பெற்றிலது. ஈற்றில் 2005இல் வான் ரொசம் தாமே ஒரு வடிவைத் தெரிந்தார். 2006இல் அது பைதன் 2.5இல் இடம்பெற்றது.

அவர் தெரிந்த வடிவில் முடிவு முன்னும் நிபந்தனை நடுவும் மாற்று முடிவு ஈற்றிலும் நிற்கும். 'சித்தி, புள்ளி 35க்குக் குறையாதாயின். அன்றேல் சித்தியின்மை' என்றாற் போல்வது. ஆங்கில வாக்கிய ஓட்டத்துக்கு அஃது இயல்பானதே. தமிழிலோ எச்சம் முன்னின்று முற்றினைத் தழுவுதலே இயல்பு. 'மழை பெய்யின் குடை கொள்க' என்பதே எமது ஒழுங்கு. சிங்களத்திலும் நிபந்தனை முன்வருதலே வழக்கு. ஆதலின் இவ்வடிவை எம் மாணவர் வலமிருந்து இடமாகப் படிப்பார் போல இடர்ப்படுகின்றனர். முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியை இதனோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. 2009இல் அவர் கட்டுரை வாயிலாக அறிமுகஞ் செய்த அம்மொழி பைதனைக் கொண்டே இயற்றப்பட்டது. ஆனால் அதிலே நிபந்தனை முன்னர் நிற்க, 'ஆனால்' என்னும் சொல் அதன் பின்னர் வருகின்றது. தமிழ் வாக்கியத்தின் எலும்பமைப்பு அங்கே காக்கப்பட்டுள்ளது. இதனால் ஒருவரி வடிவம் தீது என்பது என் கருத்தன்று. இரு சிறு பெறுமானங்களுள் ஒன்றைத் தெரிதற்கு அது நன்று. ஒன்றினுள் ஒன்றாக மூன்று நிபந்தனைகளை அவ்வடிவில் அடுக்குவானாயின், அது சுருங்கச் சொல்லல் ஆகாது. மயங்க வைத்தல் என்னும் குற்றமேயாகும்.

மூன்றாவதே என் நெஞ்சைச் சுட்டது. பைதன் மொழியிற் பூச்சியம், வெறுஞ்சொல், வெறும் பட்டியல், 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் 'நன்' ஆகிய யாவும் நிபந்தனையில் நிற்குங்காற் பொய்யெனக் கொள்ளப்படும். ஆதலின் 'பட்டியலின் நீளம் பூச்சியமாயின்' என விரித்துக் கூறாது 'பட்டியல் இன்றேல்' எனச் சுருக்கலாம். பைதன் எழுத்துமுறைக்கு வழிகாட்டும் எட்டாம் முன்மொழிவும் பட்டியல் போன்றவற்றுக்கு இதனையே பரிந்துரைக்கின்றது. இச்சுருக்கத்தின் அழகில் மயங்கிய யான், ஒரு தவணைப் பரீட்சையின் புள்ளிப் பட்டியலை அச்சிடும் சிறு செய்நிரலில், 'புள்ளி உண்டாயின் அதனை எழுதுக; அன்றேல் வரவில்லை என எழுதுக' என்னும் பொருளில் ஒரு நிபந்தனை அமைத்தேன். வராதவர்களின் புள்ளியிடத்தில் 'நன்' இருந்தது. அஃது எனக்குத் தெரியும். ஆனால் கணிதத்திலே பூச்சியம் பெற்ற ஒரு சிறுவனும் இருந்தான். பட்டியல் அவனையும் 'வரவில்லை' என்றது.

தோட்டத்தில் தொழில் புரியும் அவன் தந்தை ஒரு நாட் பேரை இழந்து பாடசாலைக்கு வந்தார். பரீட்சை நாளிற் பையன் எங்கே சுற்றித் திரிந்தான் என முதல் நாள் இரவு அவனை அடித்தும் இருந்தார். “எம் புள்ள பரீட்ச எழுதுனேன்னு சத்தியம் பண்ணுதுங்க சேர், பேப்பர்ல வரலன்னு போட்டிருக்கே?” என்று அவர் வினவியபோது, விடைத்தாளை எடுத்துக் காட்டினேன். அவன் மூன்று மணி நேரம் இருந்து எழுதி, எல்லாவற்றையும் பிழையாகவே எழுதியிருந்தான். பூச்சியம் பெற்றவனுக்குக் கற்பித்தல் வேண்டும். வராதவனைத் தேடுதல் வேண்டும். இரண்டும் வேறு வேறு கடமைகள். என் செய்நிரல் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. யான் வினவ எண்ணியது 'இவன் வந்தானா?' என்பது, எழுதி வைத்ததோ 'இவனிடம் பூச்சியமல்லாத புள்ளி உண்டா?' என்பது. 'புள்ளி நன் அன்றாயின்' என இன்னும் சில எழுத்துக்கள் எழுதியிருப்பின், அச்சிறுவன் அடிபட்டிரான். அதே எட்டாம் முன்மொழிவு இவ்விடர்ப்பாட்டையும் எச்சரித்துள்ளமையைப் பின்னரே கவனித்தேன்.

இஃது என்போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. பைதன் மொழியின் நேரப் பொருளிலேயே, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்பது பொய்யெனக் கொள்ளப்பட்டு வந்தது. நேரம் குறிக்கப்பட்டுள்ளதா என வினவிய செய்நிரலுக்கு, நள்ளிரவு குறிக்கப்பட்டிருந்தும் இல்லை என்னும் விடையே கிடைத்தது. நீண்ட வாதத்தின் பின் 2015இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பில் அது திருத்தப்பட்டது. பூச்சியம் என்பது ஓர் எண். இன்மை என்பது எண்ணின் இல்லாமை. இவ்வேறுபாட்டை மறைக்கும் சுருக்கம் அழகன்று.

நான்காவது, நிபந்தனைக்குள் நிபந்தனை அமைத்தல் பற்றியது. ஒருவருக்கு நூலகத்தில் நூல் இரவல் வழங்குதற்கு அவர் அங்கத்தவராதல் வேண்டும். அங்கத்துவம் காலாவதி ஆகாதிருத்தல் வேண்டும். முன் பெற்ற நூலைத் திருப்பியிருத்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒன்றினுள் ஒன்றாக அமைப்பார் உளர். வாயிலிலேயே, 'அங்கத்தவர் அன்றாயின் திரும்புக' என ஒவ்வொன்றாகத் தடுத்து, எல்லாம் கடந்தவருக்கு ஈற்றில் நூல் வழங்குவாரும் உளர். ஒரு செய்கூறுக்கு வாயில் ஒன்றே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையர் பின்னதை ஏற்கார். 1968இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, செய்நிரலில் விரும்பியவாறு தாவும் 'கோட்டு' கட்டளையைக் கண்டித்து எழுதியதனை அவர்களுட் சிலர் துணைக்கழைப்பர். ஆனால் இடையிலே திரும்பிச் செல்லுதல், கண்ட இடத்துக்குத் தாவுதல் ஆகாது. சென்று சேரும் இடம் எப்போதும் அழைத்தவரிடமே. 1976இல் தோமஸ் மக்கேப் வகுத்த சிக்கலளவின்படி, தீர்மானங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுதல் வேண்டும். மேற்கூறிய இரு முறைக்கும் அவ்வளவு நான்கே. எண்ணால் வேறுபாடு இல்லையெனினும் வாசிப்பவனுக்கு வேறுபாடு உண்டு. பைதனில் உள்ளடக்கத்தை இடது ஓரத்து வெளியே உணர்த்துகின்றது. வழக்கமான அளவு படிக்கு நான்கு இடைவெளி. மூன்று படி உள்ளே சென்றவன் பன்னிரண்டு இடைவெளி விடல் வேண்டும். கணினித் திரையில் அது நேராக நிற்கும்; பரீட்சைத் தாளில், நடுங்கும் கையால் எழுதும் மாணவனுக்கு, எல்ஸ் எந்த இஃபினைச் சேர்ந்தது என்பதே ஐயமாகிவிடும். வாயிலிலே தடுக்கும் முறை எமது மாணவர்க்கு ஏற்றது என யான் கொள்வதற்கு இதுவே காரணம்.

நிற்க. இத்தகைய வாதங்கள் அற்பமானவை என்று நகுவாரும் உளர். 2018இல் நிகழ்ந்ததனை அவர் நோக்குதல் வேண்டும். நிபந்தனைக்குள்ளேயே ஒரு பெறுமானத்துக்குப் பெயரிட இடந்தரும் 572ஆம் முன்மொழிவு அவ்வாண்டு பெரும் பூசலை விளைத்தது. வரிகள் குறையும், ஒரே கணிப்பை இருமுறை செய்ய வேண்டா என்றனர் ஆதரித்தோர். நிபந்தனை வினவுதலோடு நில்லாது வேறொரு செயலையும் செய்கின்றதே என்றனர் எதிர்த்தோர். முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆனால் அப்பூசலால் சலிப்புற்ற வான் ரொசம், ஏறத்தாழ முப்பதாண்டுகளாகத் தாம் வகித்த இறுதி முடிவுரிமையை 2018 ஜூலை 12ஆம் நாள் துறந்தார். 2019 முதல் ஐவர் கொண்ட தேர்தற்சபை ஒன்று அப்பொறுப்பை ஏற்றது. பல கிளைகளை ஒருங்கு அமைக்கும் 'சுவிட்ச்' வடிவம் 2007இல் ஆதரவின்றித் தள்ளப்பட்டது. அதனோடு உறவுடைய, ஆனால் பொருளின் அமைப்பையே பொருத்திப் பார்க்கும் 'மேட்ச்' 2021இல் பைதன் 3.10இற் புகுந்தது. மொழியின் வழக்கு இவ்வாறே மாறிச் செல்லும். பழையன கழிதலும் புதியன புகுதலும் கணினி மொழிக்கும் உரியனவே.

இவற்றால் யாம் பெறுவது யாது? சுருக்கமே சிறப்பு என்பாரும், விரிவே சிறப்பு என்பாரும், வேகமே சிறப்பு என்பாரும் ஒவ்வொரு பக்கத்தையே கண்டனர். நிபந்தனை என்பது ஒரு வினா. எழுதுவோன் மனத்தில் வினவ எண்ணிய அதே வினாவைத் தாளிலும் வினவியிருக்கின்றானா என்பதே முதலில் நோக்கத்தக்கது. வினாவை மறைக்கும் சுருக்கம் குற்றம். வினா எதுவும் இன்றி நிற்கும் சொல்லும் குற்றமே. 'உண்மை என்பது உண்மைக்குச் சமமாயின்' என எழுதுவான் நின்று பயனின்மை என்னும் குற்றத்துக்கு ஆளாவான். இவ்விரு குற்றமும் நீங்கிய பின், இரு முறைகள் எஞ்சுமாயின் சுருங்கியதனைக் கொள்க. அளந்து பார்த்து, வேகம் தேவையென்று கண்டவிடத்து மட்டும் விரைந்ததனைக் கொள்க.

விடைத்தாள் திருத்தும் சக ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். மாணவன் எமது முறையில் எழுதவில்லை என்பதற்காகச் சிவப்பு மையை எடுத்தல் வேண்டா. அவன் எழுதிய வினா சரியானதா என முதலிற் காண்க. முறையைப் பற்றிய அறிவுரையை ஓரத்தில் எழுதுக. புள்ளியை அவனுக்கே விடுக. அந்த மாணவிக்குக் குறைத்த இரண்டு புள்ளிகளை யான் மறுநாளே மீள வழங்கினேன். பட்டியலில் 'வரவில்லை' என்பதை அழித்து அச்சிறுவனின் பெயருக்கு எதிரே என் கையாலேயே பூச்சியத்தை எழுதினேன். தந்தையார் அதனைப் பார்த்து, மகனின் தலையைத் தடவிக்கொண்டு சென்றார்.